மாமியார் வாய் திறக்காத நாட்கள்

பால் வாங்கத் தெருமுனைக் கடைக்கு நடந்து போனாலும் நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் போவேன். என் மனைவிக்கு இதில் மானம் போகிறது. "வண்டியில போனா சரி. நடந்து போறதுக்கு எதுக்குங்க தலையில சட்டி?" என்பாள். மாடியிலிருந்து பூந்தொட்டி விழலாம் என்பேன். நம் தெருவில் மாடி வீடே இல்லையே என்பாள். இனிமேல் யாரும் கட்ட மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று விசாரணையில் பக்கத்தில் இருந்தவரிடம் என்னை 'அலட்சியமான ஆள்' என்று சொன்னீர்கள், என் காதில் விழுந்தது. கோபமில்லை, ஆனால் அது சரியில்லை. நான் அந்த ஆலையின் பாதுகாப்பு அதிகாரி. எங்கள் கம்ப்ரசர் ஆபரேட்டர் எப்படி இறந்தார் என்பதுதான் உங்கள் கேள்வி. டேங்க் பழசு என்கிறார் முதலாளி. தன் புருஷனைப் பிழைக்க வைத்திருக்கலாம் என்கிறார் ஆபரேட்டரின் மனைவி. நான் நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், படிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது.

எங்கள் ஆலையில் இரும்பு பீரோ செய்கிறோம். தகட்டை வெட்டி, மடித்து, வெல்டிங் வைத்து, கடைசியில் பெயிண்ட் அடிப்போம். பிரஷ்ஷால் இல்லை, காற்றால். பின்பக்க அறையில் இருக்கும் கம்ப்ரசர் காற்றை இழுத்து, ஆள் உயரத்துக்கு மேலான ஓர் இரும்பு டேங்கில் அடைத்து வைக்கும். அங்கிருந்து ஹோஸ் வழியாகப் பெயிண்டர்கள் கையில் இருக்கும் ஸ்ப்ரே கன்னுக்கு வரும். டேங்க் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்த ஓர் ஆட்டோமேட்டிக் சுவிட்ச் உண்டு. அது மனம் வந்தால் வேலை செய்யும், வராவிட்டால் இல்லை. மனம் வராத நாளில் காற்று ஏறிக்கொண்டே போகும். அதற்குத்தான் டேங்கின் உச்சியில் ஒரு சேஃப்டி வால்வு. அளவு தாண்டினால் தானே திறந்து மிச்சக் காற்றை வெளியே விட்டுவிடும். விடும்போது அது போடும் சத்தத்தில், முன்பக்கம் கணக்கு எழுதிக்கொண்டிருப்பவருக்கும் பல் கூசும்.

ஆட்கள் அந்த வால்வுக்கு மாமியார் என்று பேர் வைத்திருந்தார்கள். எப்போது கத்தும் என்று தெரியாது, ஆரம்பித்தால் நிறுத்தாது. மாமியாரைச் சமாளிப்பவர் என்பதால் ஆபரேட்டர் மாப்பிள்ளை ஆனார். ஆலையில் எல்லோரும், முதலாளி உட்பட, அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். மாமியார் கத்தினால் எங்கே இருந்தாலும் ஓடி வந்து மோட்டாரை நிறுத்துவார், பிறகு நிதானமாகத் தலை சீவிக்கொள்வார்.

நான் வேலைக்குச் சேர்ந்ததும் செய்த முதல் காரியம் ஒரு விதி கொண்டுவந்தது. வால்வு கத்தினால் எல்லோரும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். மாப்பிள்ளை மோட்டாரை நிறுத்தி, டேங்கைச் சுற்றிப் பார்த்து, வெளியே வந்து பச்சைத் துணியை ஆட்டும்வரை ஒருவரும் உள்ளே போகக் கூடாது. அதோடு, வால்வு கத்தினால் அதுவும் ஒரு விபத்தாகவே கணக்கில் சேரும். வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு பலகை உண்டு. அதில் இருக்கும் எண்ணை அழித்துப் பூஜ்ஜியம் போட வேண்டும். இப்படி ஒரு கண்டிப்பு வேறு எந்த ஆலையிலும் கிடையாது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைக்கவில்லை.

ஆட்களுக்கு இந்த விதி ரொம்பப் பிடித்துப்போயிற்று. மாமியார் கத்தினால் டீ குடிக்கலாம். "என்னடா, இன்னிக்கு மாமியாருக்கு உடம்பு சரியில்லையா, சத்தத்தையே காணோம்" என்று காலையிலேயே காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். சத்தம் கேட்டதும் எதிர்த்த டீக்கடைக்காரர் அடுப்பைத் தூண்டிவிடுவார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். பலகையில் எண் மட்டும் இரண்டு இலக்கத்தைத் தொடவே இல்லை.

ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். பீரோ வாங்க வந்த வியாபாரி ஒருவர் வாசலில் பூஜ்ஜியத்தைப் பார்த்துவிட்டு, செருப்பை வெளியே கழற்றிப் போட்டு, குரலைத் தாழ்த்தி, "யாரு தவறிட்டாங்க?" என்று துக்கம் விசாரித்தாராம்.

"சார், அந்த நம்பர் ஏறணும்னுதான் உங்கள வேலைக்கு வச்சேன். நீங்க வந்தப்புறம் அது எழுந்திருக்கவே மாட்டேங்குது," என்றார். "முதலாளிங்க சங்கத்துல இந்த வருஷம் பாதுகாப்பு விருது கொடுக்கறாங்க. எவன் வாசல்ல நம்பர் ஜாஸ்தியோ அவனுக்கு. நான் வேற எதுவும் சொல்லல."

அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நான் காயங்களைக் கவனித்தேன். ஆலையில் காயம் இல்லாமல் செய்ய எளிய வழி, காயம் பட்டவரை ஆலையில் வைத்திருக்காமல் இருப்பது. குள்ளப் பெயிண்டரின் ஹோஸ் ஒருநாள் காற்றோடு கழன்று துள்ளி, அவர் வாயில் அடித்தது. முன்பல் இரண்டும் போயின. என் காரிலேயே பின் கேட் வழியாக, ஊர்க்கோடியில் எனக்குத் தெரிந்த டாக்டரிடம் கூட்டிப்போனேன். வீட்டு மாடிப்படியில் விழுந்ததாக டாக்டர் எழுதினார். குள்ளப் பெயிண்டரின் வீட்டில் படியே இல்லை, ஆனால் டாக்டர் அதையெல்லாம் போய்ப் பார்க்க முடியுமா? இன்னொருவர் உடம்பில் ஒட்டிய தூசியை ஏர் கன்னால் ஊதும்போது காதுச் சவ்வு கிழிந்தது. அவர் வீட்டில் காது குடைந்தார். மாப்பிள்ளைக்கே ஒருமுறை கம்ப்ரசர் பெல்ட்டில் விரல் மாட்டி நசுங்கியது. அவருக்கு வீட்டுக் கதவு.

கொஞ்ச நாளில் ஓர் உண்மை எனக்குத் தெரிந்தது. எங்கள் ஆட்கள் ஆலையைவிட வீட்டில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது, ராத்திரி தூக்கம் வரவில்லை. முதலாளியிடம் அனுமதி வாங்கி, ஆட்களின் மனைவிமார்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்து, வீட்டுப் பாதுகாப்பு பற்றி வகுப்பு எடுத்தேன். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தோம். ஈரத் தரை, மின்சார ஒயர், கேஸ் அடுப்பு எல்லாம் சொல்லிவிட்டு, ஒரு பிரஷர் குக்கரை மேசையில் வைத்துக் காட்டினேன்.

"விசில் சத்தம் தொந்தரவா இருக்குன்னு நெனைக்காதீங்க. அது உங்க உசிரக் காப்பாத்துது. இந்த ஓட்டை அடைபட்டா குக்கரே குண்டு மாதிரிதான்," என்றேன். நன்றாகப் பேசினேன் என்று பிறகு கணக்குப்பிள்ளை சொன்னார்.

மாப்பிள்ளையின் மனைவி பின்வரிசையில் இருந்து எழுந்தார். வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைப்பவர். தோளில் கிடந்த இஞ்சு டேப்பைக் கழற்றாமலே வந்திருந்தார்.

"ஒரு சந்தேகம் சார். எங்க வீட்டுக்காரரு காலையில பத்து விரலும் நல்லாத்தான் வேலைக்குப் போனாரு. சாயங்காலம் கட்டுப் போட்டுக்கிட்டு வந்தாரு. எங்க வீட்டுக் கதவு எப்ப சார் இங்க வந்து அவர நசுக்கிச்சு?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "கதவுல எப்பவும் கவனமா இருக்கணும்மா," என்றேன்.

"அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, இங்கதான் ஆச்சுன்னு எழுதணும் சார். நாளைக்கு நானும் எம்பொண்ணுங்களும் யார்கிட்ட போய் நிக்கறது?" என்றார். எழுதுவோம் என்று சொல்லி, அவருக்கு இன்னொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு வாய் ஜாஸ்தி, ஆனால் கெட்டவர் இல்லை.

காயங்கள் இப்படி வீட்டோடு போய்விட்டன. மாமியார்தான் பாக்கி.

மாப்பிள்ளை என்னிடம் பலமுறை வந்து சொன்னார். "சார், அவ சும்மா கத்தல. சுவிட்சு செத்துப்போச்சு. அத மாத்திட்டா அவ பாட்டுக்குக் கெடப்பா." அவர் சொன்னது சரிதான், எனக்கும் தெரியும். ஆனால் சுவிட்ச் மாற்ற வேண்டும் என்று கேட்டால் சுவிட்ச் பழுது என்று ஆகிவிடும். பழுது என்றால் எத்தனை நாளாக என்று வரும். விருதுக் குழு அதைக் கேட்காமல் விடுமா? அதனால் சுவிட்சை விட்டுவிட்டேன்.

ஒரு விடுமுறை நாளில் தனியாகப் போனேன். டேங்கில் இருந்த காற்றை முழுக்க இறக்கினேன். கையுறை, கண்ணாடி, கனத்த காலணி எல்லாம் போட்டிருந்தேன். இதிலெல்லாம் என்னைக் குறை சொல்ல முடியாது. பீரோ தகட்டில் காசு அளவுக்கு வட்டமாக ஒரு துண்டு வெட்டி, ஓரத்தை ராவி, வால்வைக் கழற்றி அதன் அடியில் வைத்து மறுபடி முறுக்கினேன். மேலே சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். வெளியிலிருந்து பார்த்தால் வால்வு வால்வாகவே இருந்தது. அடுத்து வந்த ஆய்வாளர் அதைத் தட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, பளிச்சுன்னு வச்சிருக்கீங்க," என்றார்.

அதன் பிறகு நான் அந்த அறைக்குள் போகவில்லை. என் மேசையையும் அந்தச் சுவரை ஒட்டி இருந்த அறையிலிருந்து முன்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். அபாயமான இடத்தில் தேவையில்லாமல் நிற்கக் கூடாது என்பது பாதுகாப்பின் அரிச்சுவடி.

எண் ஏறியது. தினமும் காலையில் நானே சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போய் எழுதுவேன். இரண்டு இலக்கம் ஆயிற்று, பிறகு மூன்று. முதலாளி என்னோடு உட்கார்ந்து காபி குடிக்க ஆரம்பித்தார். டீக்கடைக்காரர்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மாமியார் கத்தாததால் மாப்பிள்ளைக்கும் வேலை குறைந்தது, அவரைப் பாக்கிங் ஷெட்டில் பீரோ ஏற்றவும் அனுப்பினோம். அதுவரை அவர் கம்ப்ரசரைவிட்டு எங்கேயும் தைரியமாகப் போவார், அவள் கூப்பிட்டால் வந்துகொள்ளலாம் என்று. இப்போது போக மனமில்லாமல் போனார்.

ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், ரொம்ப நாளா அவ வாயத் திறக்கல."

"நல்லதுதானே மாப்பிள்ளை. உங்க வீட்டு மாமியார் பேசாம இருந்தா வருத்தப்படுவீங்களா?"

"அவங்க பேசாம இருந்தாத்தான் சார் ரொம்பப் பயப்படணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கை மட்டும் சீப்பைத் தடவிக்கொண்டிருந்தது. "ஒரு தடவ கழட்டிப் பாத்துடலாமா? நானே பாத்துக்கறேன், நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

"நான் பாத்தாச்சு. நல்லா இருக்கு," என்றேன்.

"நீங்க பாத்தாச்சுன்னா சரி சார்," என்று போய்விட்டார். அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதை எழுதும்போது மனது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

விருதுக் குழு வருவதற்கு முந்தின நாள். மாப்பிள்ளை பாக்கிங் ஷெட்டில் பீரோ ஏற்றிக்கொண்டிருந்தார். மதியத்துக்கு மேல், பெயிண்ட் ஷாப்பிலிருந்து குள்ளப் பெயிண்டர் தலையை நீட்டி, "மாப்பிள்ளை, கன்னுல காத்து பிச்சுக்கிட்டு வருது, என்னன்னு பாருங்க," என்று குரல் கொடுத்தார். மாப்பிள்ளை பீரோவை அப்படியே விட்டுவிட்டுக் கம்ப்ரசர் அறையைப் பார்த்து ஓடினார்.

நான் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் என்னைக் கடந்துதான் ஓடினார், கை நீட்டினால் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். உள்ளே போகாதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத பேச்சை ஆரம்பிக்கக் கூடாது.

டேங்கின் அடித்தட்டு கிழிந்தது. கட்டடம் ஒருமுறை அசைந்து நின்றது. எங்கள் ஆட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். யாரும் அலறவில்லை, முட்டி மோதவில்லை. பழக்கப்படி வேலையைப் போட்டுவிட்டுச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் வரிசையில் நின்றார்கள். மாப்பிள்ளை வந்து பச்சைத் துணியை ஆட்டும்வரை உள்ளே போகக் கூடாது என்பது விதி. அதனால் நின்றுகொண்டே இருந்தார்கள். "எங்க மாப்பிள்ளையக் காணோம்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு பேர் டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

நான் உள்ளே போனேன். மாப்பிள்ளை சுவர் ஓரமாகக் கிடந்தார். இடுப்புக்குக் கீழே நிலைமை நன்றாக இல்லை. ஆனால் நினைவு இருந்தது. "அவ கத்தவே இல்ல சார்," என்றார்.

அவர் சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. விதியில் வால்வு கத்தினால் விபத்து என்று இருக்கிறது. வால்வு கத்தவில்லை. டேங்க் போனது பொருள் நஷ்டம், அது பலகையில் சேராது. மிச்சம் இருந்தது மாப்பிள்ளை மட்டும்தான். மற்றவர்களை எப்படிச் செய்தோமோ அப்படித்தான் அவரையும் செய்ய வேண்டும் என்று பட்டது. ஒருவருக்கு ஒரு நியாயம், இன்னொருவருக்கு இன்னொன்று என்று இருக்க முடியாது.

பீரோ தள்ளும் தள்ளுவண்டியில் அவரை ஏற்றி, பின் கேட்டில் நிறுத்தியிருந்த என் காரின் பின்சீட்டில் படுக்க வைத்தேன். வாட்ச்மேன் பதறி ஓடி வந்தார். "மயக்கம்தான், வீட்டுல விட்டுட்டு வந்துடறேன்," என்றேன். கம்ப்ரசர் அறையைப் பூட்டினேன். பிறகு முன்பக்கம் போய்ப் பச்சைத் துணியை நானே ஆட்டினேன். ஆட்கள் நிம்மதியாக உள்ளே போனார்கள்.

வீடு வரைக்கும் மெதுவாகத்தான் ஓட்டினேன். குண்டு குழியில் இறக்கவில்லை. சிக்னல் எல்லாவற்றிலும் நின்றேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அவர் மனைவி வாசலுக்கு வந்தபோது மாப்பிள்ளைக்கு உயிர் இருந்தது. அந்த அம்மா உங்களிடம் சொன்னது பொய்யில்லை. இருவருமாகத் தூக்கி உள்ளே பாயில் படுக்க வைத்தோம்.

நான் அவர் மனைவியிடம் நிதானமாக எடுத்துச் சொன்னேன். "பதறாதீங்கம்மா. யாராவது கேட்டா, வீட்டுல குக்கர் வெடிச்சிருச்சுன்னு சொல்லுங்க. அன்னிக்கு வகுப்புல சொன்னேனே, அதேதான். டாக்டர நான் கூட்டிட்டு வரேன்."

அந்த அம்மா நான் பேசியதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "கார எடுங்க சார், ஆஸ்பத்திரிக்குப் போலாம், கால்ல விழறேன், கார எடுங்க," என்றார். எடுக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. பின்சீட் மிகவும் ஈரமாக இருந்தது, தெருவில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். துடைத்துவிட்டு எடுக்கிறேன் என்றுதான் சொன்னேன். நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தார். ஆட்டோக்காரர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். வழியில் ஆஸ்பத்திரி எதுவும் இல்லையா என்று. இருக்கிறது. பின் கேட்டிலிருந்து சாலைக்கு ஏறியதும் இடது பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. அன்று வாசலில் நெரிசல்கூட இல்லை, இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை வைத்துக்கொண்டு சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பின்சீட்டிலிருந்து கையைத் தூக்கிக் காட்டி, "சார், இங்க, இங்கதான் சார்," என்றார். எனக்குக் கேட்டது. "வீட்டுக்குப் போயிடலாம் மாப்பிள்ளை," என்றேன். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

வால்வை அடைத்தது நான். ஆஸ்பத்திரியைத் தாண்டி ஓட்டியதும் நான். இரண்டையும் என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதும் அறிக்கையில் ஒரு வரி தவறாக இருக்கிறது, அதை மட்டும் திருத்திவிடுங்கள். மாப்பிள்ளை இறந்தது வீட்டில். எங்கள் ஆலையில் இன்றுவரை ஒருவரும் இறந்ததில்லை.